பழனிக்குப் போகாத மொட்டை

கண்ணு,

இதை அவசரமில்லாமல் படி. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் இவ்வளவு பெரிதாகவும் தெளிவாகவும் எழுதுகிறேன். என் கையெழுத்து எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று ஏமாந்துவிடாதே. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று பாதிக் கடிதத்தைச் சமையலறைக் கவுன்ட்டரில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே "ஐ நோ, மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அதனால் ஒருமுறையாவது நான் முடிக்கும்வரை கேட்டுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலேஜிலிருந்து வந்து, மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷனுக்கு எழுதிய கட்டுரையை டைனிங் டேபிளில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாய். உன் வாழ்க்கையில் நீ எதிர்கொண்ட ஒரு பெரிய சோதனை எது, அதை எப்படித் தாண்டினாய் என்பது கேள்வி. பள்ளிக்கூடக் கடைசி வருஷத்தில் கணுக்கால் முறிந்து, டென்னிஸ் டீமில் ஆட முடியாமல் போனதை நீ எழுதியிருந்தாய். வலியைப் பற்றி ஒரு பத்தி, பொறுமையைப் பற்றி ஒரு பத்தி. அப்பா "சூப்பர்டா" என்று உன் முதுகில் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கால் முறிந்திருந்த அந்த நாட்களில் நீ சோபாவில் படுத்துக்கொண்டு வீடியோ கேம் ஆடியதும், தோசை ஆறிப்போச்சு என்று என்னிடம் சண்டை போட்டதும் எனக்கல்லவா தெரியும்! பொறுமையாக இருந்தது யாரென்று அந்த அட்மிஷன் கமிட்டிக்காரர்கள் என்னைக் கேட்டால் சொல்வேன்.

அப்புறம் நீ தண்ணீர் குடிக்க சமையலறைக்கு வந்தாய். "வேற ஒண்ணும் இல்லையா கண்ணு, எழுதறதுக்கு?" என்று கேட்டேன். "தேர் இஸ் நத்திங் எல்ஸ், மா" என்றாய். சொல்லிவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாய். டாக்டர் அங்கிள் உனக்கு என்ன புத்தி சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நம் பக்கத்து ஊர்க்காரர், நல்லவர்தான். வீட்டு நோய் நொடியையெல்லாம் எழுதினால் பையன் மனசு பலவீனம் என்று நினைப்பார்கள், தவிர விஷயம் வெளியே போனால் நாளைக்குப் பெண் பார்க்கும்போது "அம்மாவுக்கு என்ன சீக்கு" என்று கேட்பார்கள் என்றாராம். இருபது வயதுப் பையனுக்கு இப்போதே பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்று நாலில், நீ ஒன்பதாவது படிக்கும்போது, அந்த ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. அன்றைக்கே, அந்த நிமிஷமே புரிந்தது. உன் மூலமாக எனக்கு எதுவும் தெரியவரவில்லை, கண்ணு. நீ என்னை ஏமாற்றவே இல்லை.

உனக்கு அந்த அறை ஞாபகம் இருக்கும். நீ மறந்திருக்க மாட்டாய். வாசலிலேயே நர்ஸ் கேட்டாள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா, இந்தி தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று. எனக்கு இந்தியும் சீன மொழியும் ஒன்றுதான். அப்பா அவசரமாக, "நோ நோ, மை சன் வில் டெல் ஹர்" என்றார். காரில் வரும்போதே உன்னை முன்சீட்டில் உட்காரவைத்து அவர் என்னவோ தணிந்த குரலில் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். நீ "ஓகே பா, ஓகே பா" என்றாய். பின்சீட்டில் இருக்கிறவளுக்குக் காது கேட்காது என்று உங்கள் இருவருக்கும் நினைப்பு.

அந்த டாக்டர் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "கேன்சர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீயே சொல், கேன்சர் என்ற வார்த்தைக்கு எந்தத் தமிழச்சிக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்? ஈரோட்டு பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவளுக்குக்கூட அந்தச் சொல் தெரியும். நான் தமிழ் மீடியத்தில் பி.ஏ. படித்தவள். கடையில் பேசக் கூச்சப்பட்டு உன்னை முன்னால் தள்ளுவேன், அவ்வளவுதான். பேசத்தான் வரவில்லை, காது நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் முழுக்க நீங்கள் இல்லாத வீட்டில் டிவி சீரியலில் அழுகிற வெள்ளைக்காரிகளைப் பார்த்து நானும் அழுதுகொண்டிருந்தேனே, புரியாமலா அழுதேன்?

டாக்டர் சொல்லி முடித்துவிட்டு உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். பதினாலு வயதுப் பையன், அப்போதுதான் குரல் உடைந்துகொண்டிருந்தது. அம்மாவின் உடம்பில் எந்த இடம் என்பதைக்கூட அவன் வாயால் சொல்ல முடியாது. "நெஞ்சுல ஒரு கட்டிம்மா" என்றாய். "சின்னக் கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாயிரும். அப்புறம் கொஞ்சம் மருந்து." டாக்டர் அவ்வளவு நேரம் பேசியதற்கு நீ சொன்னது அவ்வளவுதான். அவருக்கும் சந்தேகம் வந்தது. "டிட் யூ டெல் ஹர் எவ்ரிதிங்?" என்று கேட்டார். நீ "யெஸ்" என்றாய். எனக்கு வந்த நோயைவிட அந்த "யெஸ்"தான் அன்று எனக்கு வலித்தது.

காரில் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டாக்டர் சொன்னது புரிஞ்சுதா அம்மிணி?" என்றார். "பையன் சொன்னானுங்களே, புரிஞ்சுதுங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார், வேலைக்குப் போக மாட்டார், வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருப்போம். நான் தெரியாதவளாக இருந்ததால் யாரும் என் எதிரில் அழவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நம் ஊரில் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்கிற வழக்கமே கிடையாது. சொன்னால் மனசு விட்டுப்போய் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அப்பா அந்த வழக்கத்தை விசா வாங்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் ஊரில் அந்தப் பொய்யைச் சொல்லப் பெரியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே இருந்தது நீ ஒருத்தன்.

மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாக வந்தது. அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போய்ப் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிடலாம் என்றார். பொம்பளை ஒருத்தி மட்டும் மொட்டையாக நின்றால் நம்பமாட்டார்கள், குடும்பமாக வேண்டுதல் என்று சொன்னால்தான் பொருந்தும் என்று கடைக்குப் போய் முடிவெட்டும் மெஷின் வாங்கி வந்தார். லீவு முழுக்க வீட்டு ஜன்னல் திரைகளை மூடிவைத்து உள்ளேயே இருந்தோம். போனை எடுக்கவில்லை. பாத்ரூமில் முதலில் அப்பா தன் தலையை வழித்துக்கொண்டார். அப்புறம் உன்னைத் தொட்டியின் விளிம்பில் உட்காரவைத்தார். உனக்கு அப்போது நெற்றியில் விழுகிற மாதிரி முடி, அதை நீ கண்ணாடியில் எவ்வளவு நேரம் சீவுவாய்! காது ஓரம் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தபோது நீயே விரலால் துடைத்துக்கொண்டாய். நான் வாசலில் துண்டை வைத்துக்கொண்டு, எதுவும் தெரியாதவளாக, "ரெண்டு பேரும் லட்சணமாத்தான் இருக்கறீங்க" என்றேன்.

லீவு முடிந்ததும் தமிழ்ச் சங்கத்துச் சரோஜா ஆன்ட்டி வந்தார்கள், பஞ்சாமிர்தம் எங்கே என்று கேட்டுக்கொண்டு. பழனிக்குப் போனவர்கள் வெறுங்கையோடா வருவார்கள்? அப்பா "பெட்டியில இருக்குதுங்க, நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றார். ஆன்ட்டி போனதும் வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம், தேன் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிக்கொண்டு, மொட்டைத் தலையோடு கையால் பிசைந்தார். கற்கண்டு கிடைக்காமல் சர்க்கரையைப் போட்டார். நீ பக்கத்தில் நின்று பழம் உரித்துக் கொடுத்தாய். அதைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, நாம் இருக்கிற இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்படி என்ன வேண்டுதல் என்று ஆன்ட்டி கேட்டபோது அப்பா பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்தார். "பையன் டாக்டர் ஆகோணும்னு வேண்டிக்கிட்டோமுங்க" என்றார்.

இதை நீ கவனித்தாயா கண்ணு? இந்த வீட்டில் உன்னை டாக்டர் என்று முதன்முதலில் சொன்னது அன்றுதான். அதற்கு முன்னால் நீ விமானம் ஓட்டுகிறேன் என்றாய், மேப் வரைகிறேன் என்றாய். அன்று சரோஜா ஆன்ட்டி உன் மொட்டையைத் தடவி, "டாக்டர் தம்பி" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஸ்கூலில் பையன்கள் உன் தலையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள் என்றும், மதியச் சாப்பாட்டை நீ லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாய் என்றும் உன் டீச்சர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த லைப்ரரியில் நீ என்ன புத்தகம் படித்திருப்பாய் என்று நான் அவரைக் கேட்கவில்லை. என் நோயைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு நாள் நீ கேட்டாய். மருந்து ஏற்றி முடித்து, அப்பா காரை எடுக்கப் போயிருந்தார். நாம் இருவரும் கீழே கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி அழுக்காகிக் கிடந்தது. "அம்மா, உனக்கு பயமா இருக்கா?" என்றாய். தமிழில் கேட்டாய். என்னிடம் நீயாகத் தமிழில் பேசியது அந்த வருஷத்தில் அதுதான் என்று நினைக்கிறேன், டாக்டருக்காகப் பேசியதை விட்டால். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்குப் பயம்? சின்னக் கட்டிதானே, நீதான சொன்னே" என்றேன். நீ தலையாட்டினாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. அப்பா கார் ஹாரனை அடித்தார், எழுந்து போனோம்.

உனக்குச் சோதனை எது என்று அந்தக் கமிட்டி கேட்கிறது. கணுக்காலாம்! எனக்குக் கோபம் வருகிறது கண்ணு, உன்மேல் இல்லை. "என் அம்மாவின் நோய் எனக்குக் கருணையைக் கற்றுக்கொடுத்தது" என்று நீ எழுதினால் அதற்கும் கோபப்படுவேன். என் நோய் உனக்குக் கருணையைக் கற்றுக்கொடுக்கவில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது. டாக்டரின் கண்ணைப் பார்த்து "யெஸ்" சொல்லக் கற்றுக்கொடுத்தது. எழுதுவதாக இருந்தால் அதை எழுது. பதினாலு வயதில் ஒரு நோயாளியிடமிருந்து அவளுடைய நோயை மறைக்கச் சொல்லி உனக்கு உத்தரவு வந்தது, நீ செய்தாய், அந்த நோயாளி உன் அம்மா, அவளும் தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று எழுது. அதை எப்படித் தாண்டினாய் என்று கேட்டால், இன்னும் தாண்டவில்லை என்று எழுது. சீட் கொடுத்தால் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் மேப் வரையப் போ. சரோஜா ஆன்ட்டிக்குக் கொடுத்த வாக்குக்காக நீ டாக்டர் ஆக வேண்டாம். உனக்கே ஆசை இருந்தால் மட்டும் ஆகு. எழுத மனசு வரவில்லையென்றால் கணுக்காலையே அனுப்பு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். வேறொன்றும் இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை அப்பா உனக்குப் போன் செய்தபோது நான் பெட்ரூம் போனை எடுத்தேன். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற டேகேரில் ஒரு குழந்தையின் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது, வேண்டுமென்றே எடுக்கவில்லை. எடுத்தபின் வைக்கவும் இல்லை. "அடுத்த வாரம் வியாழக்கிழமை ஸ்கேன் ரிசல்ட் சொல்றாங்க, நீ வந்துரு. டாக்டர் என்ன சொன்னாலும் அம்மாகிட்ட எலும்புத் தேய்மானம்னு சொல்லிக்கலாம்" என்றார். நீ "ஓகே பா" என்றாய். அதே "ஓகே பா". அப்போது உனக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது, இப்போது நல்ல ஆம்பளைக் குரல், வித்தியாசம் அவ்வளவுதான்.

எலும்பு தேய்ந்தவளை அந்தப் பழைய டாக்டர் எதற்காகக் கூப்பிடப் போகிறார்? எனக்குத் தெரியாதா? இடுப்பில் வலி ஆரம்பித்த அன்றே எனக்குச் சந்தேகம். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. நீ அன்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். அன்றும் பயமாகத்தான் இருந்தது. ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருக்கும், நீயோ கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருப்பாய். இந்தத் தடவை அப்படி இருக்க என்னால் முடியாது. நிறைய நாள் இருக்காது என்று தோன்றுகிறது. இருக்கிற நாளை மூன்று பேரும் நடித்தே கழிக்க வேண்டாம்.

அப்பாவிடம் நாளைக் காலை சொல்லிவிடுகிறேன். அழுவார். அழட்டும், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். அவரைக் குறை சொல்லி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. மொட்டைத் தலையோடு நின்று அவர் அந்தப் பஞ்சாமிர்தத்தைப் பிசைந்ததை நீயும்தான் பார்த்தாய். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்குக் கொடுக்கப் போகிறேன். பேர் போடாமல் கொடுத்தாலும் பஞ்சாமிர்தம் சாப்பிட்டவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும். சரோஜா ஆன்ட்டி கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் ரசம் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். உனக்குப் பெண் கொடுக்க யாராவது யோசித்தால் அந்த வீட்டுப் பெண் உனக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை நீ வர வேண்டும். ஆனால் எனக்காகப் பேச வராதே. டேகேரில் நாலு வருஷமாகக் குழந்தைகளோடு பேசிப் பேசி எனக்கும் கொஞ்சம் வாய் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருக்கிறேன். "டாக்டர், ப்ளீஸ் டெல் மீ. நாட் மை சன்." உச்சரிப்பைத் திருத்தாதே. அவர் என்னைப் பார்த்துச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார். எனக்குப் புரியாத வார்த்தை ஏதாவது வந்தால் உன் பக்கம் திரும்புவேன். அப்போது தரையைப் பார்க்காதே, என்னைப் பார். அந்த ஒரு வார்த்தையை மட்டும், அவர் சொன்னது சொன்னபடியே எனக்குச் சொல்.

அம்மா